கிளிசரினில் பிறந்த கோடு

1928 தொடக்கம். கல்கத்தா பவுபஜார் தெருவில் உள்ள இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் எஸ். வெங்கடேஸ்வரன், நன்றாகச் சுத்திகரித்த கிளிசரினில் சூரிய ஒளியைப் பாய்ச்சினார். நீலமாகச் சிதற வேண்டிய வெளிச்சம் பளிச்சென்ற பச்சையாக வந்தது.

திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனும், வத்திராயிருப்புக்காரரான கே.எஸ். கிருஷ்ணனும் அந்தப் பச்சையை விடவில்லை. பிப்ரவரி 28 அன்று பாதரச விளக்கை வைத்துப் பார்த்தபோது, விளக்கில் இல்லாத கோடு ஒன்று நிறமாலையில் தெரிந்தது. மூலக்கூறு தன் அதிர்வுக்காகக் கொஞ்சம் ஆற்றலைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. எவ்வளவு பிடித்தது என்பதே அதன் கைரேகை. 1930இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இந்தக் கோடு நோஞ்சான் பிள்ளை. விழும் ஒளித்துகள்களில் ஏறக்குறைய கோடியில் ஒன்றுதான் இப்படி நிறம் மாறும். தெம்பூட்டியது வெள்ளி. 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிளைஷ்மன் குழு, சொரசொரப்பான வெள்ளி மின்வாயில் பிரிடின் மூலக்கூறுகளை ஒட்டவைத்துப் பார்த்தது. கோடு வலுவாக விழுந்தது. அது பல லட்சம் மடங்குப் பெருக்கம் என்று 1977இல் அமெரிக்காவின் வான் டைன் கணக்கிட்டார். ஒளி பட்டதும் வெள்ளியின் எலக்ட்ரான்கள் ஒன்றாகச் சேர்ந்து ஊசலாடுகின்றன. இதற்குப் பிளாஸ்மான் என்று பெயர். இரண்டு வெள்ளித் துணுக்குகளுக்கு இடையிலுள்ள நூலிழை இடுக்கில் ஒளி குவிந்துவிடும். 1997இல் அந்த வெளிச்சத்தில் ஒற்றை மூலக்கூறே அகப்பட்டது. 2013இல் சீனாவின் ஹெஃபெய் நகரில், கூரிய வெள்ளி முனையை நகர்த்தி ஒரு மூலக்கூற்றின் உள்ளமைப்பையே படமாக்கினார்கள்.

மூலக்கூறின் அதிர்வைப் பார்க்கும் வேகமும் கூடியது. நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஃபெம்டோநொடி. மெத்தனால் என்ற ஆல்கஹாலில் கார்பனும் ஆக்சிஜனும் ஒருமுறை நீண்டு சுருங்க ஏறக்குறைய 32 ஃபெம்டோநொடி ஆகிறது. அந்த அசைவையும் பின்தொடரும் லேசர்கள் இன்று உண்டு.

மெத்தனால் என்றதும் நமக்குக் கருணாபுரத்தின் சாராயச் சாவுகள் நினைவுக்கு வரும். அந்த மாவட்டத்தின் கல்வராயன் மலையில் கள்ளச்சாராய ஊறல் அழிப்பு பழைய செய்தி. வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறலில் இறங்குவது எத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயத்தில் கலந்திருந்தது ஆலைக் கரைப்பானான மெத்தனால். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைக் கெடுக்கும். 60 பேருக்கு மேல் இறந்தார்கள். நிறத்திலும் மணத்திலும் எத்தனாலும் மெத்தனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். குடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

ராமன் கோட்டுக்குத் தெரியும். எத்தனாலின் வலுவான கோடு 880 என்ற அலைஎண்ணை ஒட்டி விழும். மெத்தனாலின் கோடு 1,035ஐ ஒட்டி விழும். கண்ணாடிக் குப்பியைத் திறக்காமலே, சில நொடிகளில் பார்த்துவிடலாம். இதற்கு வெள்ளி முனையோ ஃபெம்டோநொடி லேசரோ வேண்டாம். 1928இல் தெரிந்த அந்தக் கோடே போதும். கையடக்க ராமன் கருவிகள் விற்பனைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மிச்சமிருக்கும் பாக்கெட்டில் என்ன இருந்தது என்று உடனே தெரிந்தால், மருத்துவர் முறிமருந்தைத் தாமதமின்றித் தொடங்கலாம். மலையடிவாரக் காவல் நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் தலா ஒரு கருவி இருக்கட்டும்.