அலமாரிச் சாவி

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா. இன்ஜினீயர் ஆயிட்டா தமிழ் மறந்து போச்சா?" என்று சங்கத்து நண்பர் உரிமையோடு கேட்டார். நம் கல்லூரி நூலகத்துக்கு முன்னாள் மாணவர்கள் என்ன செய்யலாம் என்ற பேச்சு அடிபடும் நேரம் இது. ஆகவே ஒரு கல்லூரி நூலகத்தின் பழைய கதையையே எழுதுகிறேன்.

1903-ஆம் ஆண்டு. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு, நண்பர் ஒருவர் அவ்வூர் அரசினர் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு கணிதப் புத்தகத்தை வாங்கித் தந்தார். கார் என்ற ஆங்கிலேயர் எழுதியது. அவர் பெரிய மேதை அல்ல. கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்த டியூஷன் வாத்தியார்தான். ஏறக்குறைய 5000 சூத்திரங்களை வரிசையாக அடுக்கியிருந்தார். பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் கிடையாது, கொஞ்சம் குறிப்பு இருந்தாலே அதிகம். நம்மைப் போன்றவர்கள் நாலு பக்கம் புரட்டி மூடி வைத்திருப்போம். அந்தப் பையனோ ஒவ்வொன்றையும் தானே நிரூபிக்க உட்கார்ந்துவிட்டான். பையனின் பெயர் ராமானுஜன்.

அடுத்த ஆண்டு அதே கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் கவனிக்காததால் உதவித்தொகை போயிற்று என்பதும், 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும் எல்லோரும் அறிந்த கதை. நான் சொல்ல வருவது வேறு. அந்தப் புத்தகம் கைக்கு வந்தபோது அவர் அந்தக் கல்லூரி மாணவரே இல்லை! பள்ளிக்கூடப் பையன். விதியை மட்டும் பார்த்திருந்தால் கார் புத்தகம் அலமாரியிலேயே கிடந்திருக்கும்.

இதோடு இன்னொரு மனிதரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நமக்கு ரொம்ப தூரத்து ஆள் இல்லை. சிதம்பரம் தாண்டி, கொள்ளிடம் தாண்டினால் சீர்காழி. அங்கே 1892-இல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவரும் கணக்கு வாத்தியார்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். சில நாட்களிலேயே 'இந்தத் தனிமை எனக்கு ஒத்துவராது, மறுபடி வாத்தியாராகவே வந்துவிடுகிறேன்' என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றாராம். முதல்வரோ, 'முதலில் லண்டன் பயிற்சியை முடித்துவிட்டு வாரும், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம்' என்று அனுப்பி வைத்தார்.

லண்டன் போனவர் ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே சக்கரங்கள், அதே திருகுகள். மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. அட, அறிவுத்துறைகளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, வேண்டியபடி பூட்டிக்கொள்ளலாமே என்று தோன்றியிருக்கிறது. அதிலிருந்து பிறந்ததுதான் 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. நட்டும் போல்ட்டுமாகக் காலம் தள்ளும் எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்!

ஆனால் அவருடைய பெரிய காரியம் அதுவல்ல என்பது என் கட்சி. 1931-இல் அச்சான நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. 'இதைச் சொல்ல ஒரு விதியா?' என்று கேட்கத் தோன்றும். பூட்டிய அலமாரிக்கு முன்னால் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். வாசகரே அடுக்குக்கு இடையில் நடந்து எடுத்துப் பார்க்கும் திறந்த முறையைச் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் கொண்டுவந்தவர் அவர். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்ததற்கும் அவர் உழைப்பே காரணம். 1967-இல் ராமானுஜனைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார் என்றால், கார் புத்தகத்தின் கதை அவர் மனதில் எப்படி ஓடியிருக்கும்!

நான் படித்த பள்ளியில் (பெயர் வேண்டாம்) கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. முதுகு மட்டும் தெரியும். சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். பிளஸ் டூ முடிக்கும்வரை அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. 1998-இல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சிதான், ஒரு புத்தகத்தை இஷ்டம்போல் எடுத்துப் புரட்டலாம் என்பதையே எனக்குக் காட்டியது. வாங்கக் காசு இருக்காது. நின்றபடியே அரைப் புத்தகம் படித்திருக்கிறேன்.

சுரங்கக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரி பூமிக்குள் இருக்கிறது என்பதால் மட்டும் பல்பு எரியாது, மேல்மண்ணை அள்ளியாக வேண்டும்.

சங்கத்தில் குளிர்சாதன அறை, கம்ப்யூட்டர் என்றெல்லாம் யோசனைகள் வந்துள்ளன. வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன் இரண்டே விஷயம் கேட்கிறேன். ஒன்று, நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும். அதற்கு ஓர் ஆளின் சம்பளத்தைச் சங்கம் ஏற்கட்டும். இரண்டு, டவுன்ஷிப்பிலும் சுற்றுக் கிராமங்களிலும் படிக்கும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, நம் மாணவர் ஒருவரின் பொறுப்பில் புத்தகம் கொடுக்க வேண்டும். கும்பகோணத்தில் நடந்தது அதுதானே!

"புத்தகம் தொலைந்துபோனால்?" என்று ஒரு நண்பர் கேட்டார். சில தொலையும்தான். முதல் பத்துப் புத்தகத்துக்கான காசை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பொதுக்குழுவில் இதை முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். தம்பி தங்கைகளே, நீங்களும் வாருங்கள். இரவல் வாங்கித் தரப் போகிற அந்த நண்பர் உங்களில் ஒருவர்தான்.