ஈரல் நோயும் ரங்கூன் தந்த தடயமும்

இன்று யாங்கோன் எனப்படும் ரங்கூன் நகரில் 1982, 1983ஆம் ஆண்டுகளிற் செங்கண்மாரி பெருவாரியாகப் பரவிற்று. அக்காலத்தில் அறியப்பட்டிருந்த ‘ஏ’, ‘பி’ ஈரல் அழற்சிக் கிருமிகள் இரண்டுமே அதற்குக் காரணமல்ல என ஆய்வு காட்டிற்று. 1955இல் டில்லி மக்களின் குடிநீரிற் கழிவுநீர் கலந்தபோது மூண்ட நோயும் இவ்வகையினதே எனப் பின்னர் தெளிவாயிற்று.

பர்மிய நோயாளரிடமிருந்து பெற்ற கிருமியைக் குரங்கின் உடலிற் பெருக்கி, அமெரிக்க விஞ்ஞானிகள் 1990இல் அதன் மரபுக்கூற்றைப் பிரித்தறிந்தனர். அதுவே ‘ஹெபடைடிஸ் ஈ’. கர்ப்பிணிகளுக்கு அதனால் உயிராபத்து மிகுதி.

சீனாவில் 2011இல் தடுப்பூசி அங்கீகாரம் பெற்றது. எனினும், நோய் மூண்ட இடமொன்றில் அது முதன்முதலாக ஏற்றப்பட்டது 2022இல், தென் சூடானின் பெந்தியு இடம்பெயர்ந்தோர் முகாமிலேயாகும்.

முகாம் வாழ்வை அறிந்த எமக்கு இதன் பொருள் விளங்கும். ஊசி பிந்தலாம், நாம் நீரைக் கொதிக்கவைத்தே பருகுவோம்.