சிட்மத் தச்சர்களின் கைவண்ணம்

ஹாலந்து தேசத்து வாகன இறக்குமதி வியாபாரி பென் பான் 1947-ஆம் ஆண்டில் தமது குறிப்புப் புத்தகத்தில் கீறிவைத்த ஒரு பெட்டி வடிவத்திலிருந்து பிறந்து, 1950-இல் ஜெர்மனியின் வூல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் வேன், கடல் கடந்து இங்கிலாந்தை அடைந்தபின் நடமாடும் இல்லமாக மாறிய சரித்திரம், யந்திர நிபுணர்களைவிடத் தச்சர்களுக்கே அதிகப் பெருமை தருவது. டெவன் கடற்கரைச் சிற்றூரான சிட்மத்தில் 1956-இல் இவ்வேலையைத் தொடங்கிய மரவேலைக்காரர்கள், என்ஜின் பின்புறம் ஒதுங்கியிருந்தபடியால் நடுவே கிடைத்த சொற்ப இடத்தில் எதிரெதிரான ஆசனங்களையும் ஒரு சிறு அடுப்பையும் அமைத்து, பகலில் போஜனத்துக்கு உதவிய மேஜைப் பலகையை இரவில் ஆசனங்களின் மட்டத்துக்கு இறக்கி, சாய்வு மெத்தைகளை அதன்மேல் பரப்பியதும் இருவர் படுக்கும் கட்டிலாகும்படி செய்த சாமர்த்தியம், என் அபிப்பிராயத்தில், கப்பல் அறைகளை இழைத்த தச்சர்களின் பரம்பரைக்கே உரியது. படுக்கையும் அடுப்பும் நிலையாகப் பொருத்தப்பெற்ற வண்டிக்கு அக்காலத்துக் கொள்முதல் வரி இல்லையென்பது, நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரிய அனுகூலம். உள்ளே நிமிர்ந்து நிற்க இயலாத குறையையோ, ஃபோக்ஸ்டன் நகரத்து மார்ட்டின் வால்டர் நிறுவனத்தார், ஒரு பக்கத்துக் கீலில் எழும்பி, கோடுபோட்ட துணியை விரித்து நிற்கும் கூரையால் தீர்த்துவைத்தனர்.