மென்பொருள் ஏற்றிய கதை: பிளாப்பி முதல் இன்று வரை

சங்க மலருக்கு அவரவர் துறையைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். என் துறை வெளியே தெரியாத துறை. ஓர் அலுவலகத்தில் உள்ள அத்தனை கம்ப்யூட்டர்களிலும் மென்பொருளை ஏற்றுவது, புதுப்பிப்பது, வேண்டாததை நீக்குவது, இதுதான் வேலை. ஒழுங்காக நடந்தால் யாரும் நம்மை நினைப்பதில்லை. நடக்காவிட்டால்தான் போன் வரும். இதற்கும் நாற்பது வருஷத்துக்கு மேல் சரித்திரம் உண்டு. அதில் நம் மாணவர்களுக்கு உதவக்கூடிய பாடம் ஒன்று இருப்பதால் எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் இது நடந்து நடந்து செய்த வேலை. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது, சி.டி. டிரைவ் இல்லாதவர்களுக்காக 13 பிளாப்பிகளிலும் கிடைத்தது. ஐம்பது கம்ப்யூட்டர் உள்ள அலுவலகம் என்றால் 650 தடவை பிளாப்பியைப் போட்டு எடுக்க வேண்டும். பன்னிரண்டாவது பிளாப்பி மக்கர் பண்ணினால் அந்த மெஷினுக்கு மறுபடியும் பிள்ளையார் சுழிதான்!

இந்த நடையைக் குறைக்க அதற்கு முன்பே யோசித்தவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1983-ல் டெக், ஐ.பி.எம். நிறுவனங்களின் துணையோடு ‘அதீனா’ திட்டம் தொடங்கியது. மென்பொருள் மத்திய சர்வர்களில் இருக்கும். மாணவர் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அது நெட்வொர்க் வழியே வந்து சேரும். ஓர் இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும். ஆனால் நெட்வொர்க் நின்றால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

தொண்ணூறுகளில் வேறு வழிகள் பிறந்தன. ஒரு கம்ப்யூட்டரைச் சரியாக அமைத்து, அதன் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து மற்றவற்றில் இறக்குவது ஒரு வழி. இதற்குப் பெயர்போன ‘கோஸ்ட்’ மென்பொருள் நியூசிலாந்தில் உருவானது. 1998-ல் சைமன்டெக் அதை வாங்கியது. எங்கள் பேட்ச் படித்த காலத்தில்கூட லேப் கம்ப்யூட்டர்களுக்கு இந்த வைத்தியம்தான். இன்னொரு வழி, தலைமை இடத்திலிருந்து கட்டளை அனுப்புவது. மைக்ரோசாஃப்ட் 1994-ல் இதற்கென்று ஒரு சர்வர் மென்பொருளைக் கொண்டுவந்தது. 1999-ல் ஆபீஸ் 2000-உடன் வந்த ‘விண்டோஸ் இன்ஸ்டாலர்’ முறையில், ஏற்றுவது பாதியில் தோற்றால் பழைய நிலைக்கே திரும்பிவிடும் வசதி இருந்தது. 2000-ல் வந்த விண்டோஸ் 2000, இந்தப் பிரிவுக்கு இந்த மென்பொருள் என்று ஒரே இடத்தில் எழுதி வைத்தால் போதும் என்றாக்கியது. நடை குறைந்தது. வேகம் கூடியது.

வேகம் ஏன் தேவை என்பதை 2003 காட்டியது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் ஜூலை 16-ஆம் தேதியே மருந்து வெளியிட்டுவிட்டது. ‘பிளாஸ்டர்’ புழு ஆகஸ்ட் 11-ல் கிளம்பியது. இடையில் 26 நாள். அதற்குள் மருந்தைப் போடாத கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன. அந்த அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையைத் திருத்தங்களுக்கென்று ஒதுக்கியது.

அப்படியானால் வந்தவுடனே எல்லோருக்கும் போட்டுவிடலாமே? இங்கேதான் சரித்திரம் திரும்பிக் குத்துகிறது. 2010 ஏப்ரல் 21-ல் மெக்காஃபி அனுப்பிய வைரஸ் பட்டியல் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்.பி.யின் முக்கியமான கோப்பையே வைரஸ் என்று பிடித்துப் போட்டது. கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின, நெட்வொர்க்கும் போயிற்று. நோய் வந்த வழியில் மருந்தை அனுப்ப முடியவில்லை.

14 வருஷம் கழித்து அதே கதை, பல மடங்கு பெரிதாக. 2024 ஜூலை 19 காலை, நம் நேரப்படி 9.39-க்கு, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. 78 நிமிடத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கோப்பை நீக்க, பல இடங்களில் பொறியாளர்கள் ஒவ்வொரு மெஷினாக நடந்து போனார்கள், பிளாப்பி காலம் போலவே. டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தால் 48 இலக்கச் சாவி எண்ணையும் தட்டச்சு செய்ய வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ‘எங்களுக்குப் புதிய பதிப்பு உடனே வேண்டாம், ஒரு பதிப்பு பின்னால் இருக்கிறோம்’ என்று தேர்ந்தெடுத்த நிறுவனங்களும் தப்பவில்லை. அந்த ஏற்பாடு மென்பொருளுக்கு மட்டும்தான் பொருந்தியது. இந்தக் கோப்பு வேறு வழியாக வந்தது. அதன் பிறகுதான் இத்தகைய கோப்புகளையும் படிப்படியாக அனுப்புவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

பிளாப்பிக் காலத்தில் யாரும் திட்டமிடாமலே ஒரு பிரேக் இருந்தது. மூன்றாவது கம்ப்யூட்டரில் கோளாறு தெரிந்தால் நான்காவதுக்குப் போக மாட்டோம். நடையை ஒழித்தபோது அந்த பிரேக்கும் போய்விட்டது. அதை நாமே மறுபடி கட்ட வேண்டும். என் அலுவலகத்தில் எந்த மென்பொருளும் முதலில் எங்கள் பிரிவுக்கு வரும், பிறகு துறைக்கு ஓரிருவர், பிறகுதான் மற்றவர்கள். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவைத் தொடுவதே இல்லை. ‘ஒரே ராத்திரில போட்டுரலாமே சார், எதுக்கு ஒரு வாரம்?’ என்று மேலே இருப்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அவசர ஓட்டை என்றால் ஒரு வாரத்தை ஒரு நாளாக்குவோம்; படிகளை மட்டும் தாண்ட மாட்டோம்.

இந்த வேலைக்கு வரப்போகும் தம்பி தங்கைகளுக்குச் சொல்வது இதுதான். எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சு வரும்போது, விலையையும் வேகத்தையும் எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் இன்னும் மூன்று கேளுங்கள்: தப்பானால் முதலில் எத்தனை பேருக்குத் தப்பாகும்? நெட்வொர்க் இல்லாமல் எப்படித் திரும்ப எடுப்பது? நம்மைக் கேட்காமல் உள்ளே வரும் வழி வேறு ஏதும் இருக்கிறதா? பதில் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.