காவிரிப் படுகை எண்ணெய்க் கசிவும் சட்டப் பொறுப்பும்

திருவரங்கத்துக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. அங்கிருந்து கிழக்கே விரியும் டெல்டாவில் ஓ.என்.ஜி.சி. பல பத்தாண்டுகளாகக் கச்சா எண்ணெயும் எரிவாயுவும் எடுத்துவருகிறது. குழாய்கள் வயலுக்கு அடியில் செல்கின்றன. 1962-ஆம் ஆண்டுப் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி பட்டா உழவர் பெயரிலேயே இருக்கும். நிறுவனத்துக்குப் பயன்பாட்டு உரிமை மட்டும். ஆனால் குழாய்த் தடத்தின்மேல் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கவும் கூடாது. சேதத்துக்கான இழப்பீட்டை உரிய அதிகாரி முடிவு செய்வார். போதாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம்.

தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று குழாய் கசிந்து, கச்சா எண்ணெய் வயலில் தேங்கியது. ஆட்சியர் நேரில் வர வேண்டும் என்று ஊரார் மறித்தனர். வைக்கோல் தீப்பற்றியது, போலீஸ் தடியடி நடத்தியது. பேராசிரியர் த. ஜெயராமன் உள்ளிட்ட 10 பேர் கைதாகித் திருச்சி மத்திய சிறையில் அடைக்கப்பட்டனர். ஆகஸ்டில்தான் பிணை கிடைத்தது. குழாய்க்குப் பொறுப்பானவர்களை விட்டுவிட்டு, மறித்தவர்கள்மீதுதான் சட்டம் முதலில் பாய்ந்தது.

இத்தனைக்கும் குழாய்க்குப் பொறுப்பானவர்களிடம் இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. ஆபத்தான தொழில் நடத்துபவர், கவனக்குறைவு நிரூபணமாகாவிட்டாலும் இழப்பை ஈடுகட்டியே தீர வேண்டும் என்று டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை 1996-இல் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அது அறிவித்தது நம் பாலாற்றுத் தோல் தொழிற்சாலை வழக்கில்தான். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோர 5 ஆண்டு அவகாசம் உண்டு. திருச்சிக்காரர்களுக்குச் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வு.

அஸ்ஸாமின் பாக்ஜானில், திப்ரு-சைகோவா தேசியப் பூங்கா அருகே 2020-இல் கிணறு வெடித்தபோது, ஆயில் இந்தியா 25 கோடி ரூபாயை இடைக்காலமாகச் செலுத்தத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. எண்ணெய் மாசுக்கு எதிராக ஈக்வடார் மழைக்காட்டு மக்கள் 1993-இல் தொடங்கிய வழக்கோ வேறு கதை: 2011-இல் எண்ணெய் நிறுவனமான செவ்ரானுக்கு எதிராக அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தும், அது மோசடியால் பெறப்பட்டது என்று அமெரிக்க நீதிமன்றம் 2014-இல் முடக்கியது.

தமிழ்நாடு 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்து, டெல்டாவில் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடை செய்தது. ஏற்கெனவே இயங்கும் கிணறுகளுக்கும், குழாய் பதிப்பதற்கும் அதில் தடை இல்லை. முதலில் அறிவித்த பட்டியலில் இருந்த திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டப் பகுதிகள் சட்டத்தில் இடம்பெறவில்லை.