கூண்டுக்குள் விட்ட எலி

லண்டன் கோபுரத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மிருகக்காட்சிசாலை இருந்தது. சிங்கம், கரடியோடு சில பெரிய பாம்புகளும் அங்கே வளர்ந்தன. 1820களில் அதன் காப்பாளராக இருந்தவர் ஆல்ஃபிரட் காப்ஸ். ஒருநாள் அவர் ஒரு கோழியைக் கையில் பிடித்து, இருந்ததிலேயே பெரிய பாம்பின் முகத்துக்கு நேரே நீட்டினார். அது சட்டை உரிக்கும் தறுவாயில் இருந்தது. அந்தச் சமயத்தில் பாம்பின் கண்ணை மூடியிருக்கும் செதில் வெளுத்துப்போய்ப் பார்வை மங்கிவிடும். பாம்பு பாய்ந்தது, குறி தப்பியது, கோழிக்குப் பதிலாகக் காப்ஸின் இடதுகைக் கட்டைவிரல் அதன் வாயில் மாட்டியது. அடுத்த நொடியே அவருடைய கையையும் கழுத்தையும் சுற்றி வளைத்து, வாலைக் கூண்டுக் கம்பத்தில் முறுக்கிப் பிடித்துக்கொண்டது. காப்ஸ் தனியாக இருந்தார். பாம்பின் தலையை எட்டிப் பிடிக்க முடியாமல் தரையில் விழுந்து மல்லுக்கட்டினார். வேறு இரண்டு காப்பாளர்கள் வந்து பாம்பின் பற்களை உடைத்துத்தான் அவரை மீட்டார்கள். கட்டைவிரலிலிருந்து இரண்டு பல் துண்டுகளை எடுத்த பிறகு காயம் ஆறிவிட்டது.

சட்டை உரிக்கும் பாம்புக்கு இரை காட்டாதே, கையில் பிடித்து ஊட்டாதே, பெரிய பாம்போடு தனியாக நிற்காதே. இன்று பாம்பு வளர்ப்பவர்கள் முதல் பாடமாகச் சொல்லும் மூன்றும் அந்த ஒரே நாளில் வெளிப்பட்டுவிட்டன. ஆனால் அன்றைய லண்டன் அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவையான சாகசக் கதையாகவே எடுத்துக்கொண்டது.

கோபுரத்து விலங்குகள் 1835 வாக்கில் அங்கிருந்து போய்விட்டன. அதற்குள் ரீஜன்ட்ஸ் பூங்காவில் விலங்கியல் சங்கத்தின் தோட்டம் பேர் வாங்கியிருந்தது. அங்கே 1849இல் உலகின் முதல் ஊர்வன இல்லம் திறக்கப்பட்டது. புதுக் கட்டடம் அல்ல, ஊனுண்ணி விலங்குகள் இருந்த பழைய கட்டடத்தை மாற்றி அமைத்ததுதான். கூட்டம் அலைமோதியது. குளிர் தேசத்தில் வெப்பநாட்டுப் பாம்புகளை உயிரோடு வைத்திருப்பதே பெரும்பாடு. போர்த்திக்கொள்ளக் கூண்டுக்குள் கம்பளி போட்டார்கள். விளைவு, ஒரு பெரிய பாம்பு முழுக் கம்பளியையும் விழுங்கிவிட்டது. சில வாரங்கள் கழித்து அதை அப்படியே வெளியே தள்ளியது. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். 1852இல் அதே இல்லத்தில் எட்வர்ட் கர்லிங் என்ற காப்பாளர் இரவெல்லாம் குடித்துவிட்டு வந்து, விளையாட்டாகத் தூக்கிய நல்ல பாம்பிடம் மூக்கில் கடிபட்டு இறந்தார்.

பாம்புக்கு இரை போடும் நேரம் அன்று ஒரு பொழுதுபோக்கு. உயிருள்ள பறவை, முயல், கினிப்பன்றி இவற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் விடுவார்கள், முன்னால் கூட்டம் நிற்கும். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸும் அப்படி ஒருமுறை பார்த்திருக்கிறார். பிறகு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், மயிர்க்கூச்செறிந்து ஒடுங்கிய ஒரு கினிப்பன்றியை விவரித்துவிட்டு, மேசைக் காலில் பாம்புகள் ஏறி வருவதுபோல் தனக்குப் பிரமை தட்டுவதாகச் சொன்னார். அவர் ஒருவர் மட்டுமல்ல. இந்தக் காட்சி கொடுமையானது, பார்ப்பவர் மனத்தையும் கெடுக்கிறது என்று கண்டனங்கள் வந்தபடி இருந்தன. செத்த இரையைப் பாம்பு தொடாது, பட்டினி கிடந்தே சாகும் என்பது தோட்டத்தாரின் பதில். சோதித்துப் பார்க்காமலே பல ஆண்டுகள் இரு தரப்பும் வாதாடியது இந்தக் கதையின் வேடிக்கையான பகுதி.

சோதித்தவர்கள் சங்கத்தின் செயலர் பீட்டர் சால்மர்ஸ் மிட்செலும் தோட்டக் கண்காணிப்பாளர் ஆர். ஐ. போகாக்கும். 1907இல் சங்கத்தின் ஆய்விதழில் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலான ஊர்வன, கொன்று போட்ட இரையைத் தயங்காமல் தின்னும் என்பது அவர்கள் கண்டது. இன்னொன்றையும் பார்த்தார்கள். பாம்பைக் கண்டதும் மற்ற விலங்குகள் அஞ்சி நடுங்குமா? குரங்குகள் அலறியடித்து ஓடின. முயல், கினிப்பன்றி, எலி போன்றவை அசட்டையாக இருந்தன. டிக்கன்ஸ் கண்ட நடுக்கத்தில் பாதியாவது அவருடைய சொந்தக் கற்பனையாக இருந்திருக்கும்.

அறுபது ஆண்டு விவாதமும் இரையின் அச்சத்தைப் பற்றியே சுற்றியது. அச்சமில்லாத இரை பாம்பை என்ன செய்யும் என்று கேட்டவர்கள் குறைவு. காட்டில் எலிக்கு ஓட வழி உண்டு, பாம்புக்கும் விலகிப்போக வழி உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டுக்கும் வழியில்லை. பாம்புக்குப் பசியில்லை, அல்லது உடல் குளிர்ந்திருக்கிறது, அல்லது சட்டை உரிக்கப் போகிறது என்றால் எலியைச் சீண்டாமல் சுருண்டு கிடக்கும். எலிக்கோ இரவானால் பசிக்கும். அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை, எதையாவது கொறித்தே ஆக வேண்டும். பக்கத்தில் அசையாமல் கிடக்கும் பாம்பின் முதுகைக் கொறிக்கத் தொடங்கும். காலையில் வந்து பார்த்தால் முதுகெலும்பு தெரியும் அளவுக்குப் புண். வேட்டையாடி எது, இரை எது என்று சொல்ல முடியாத நிலை. ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கு இது பழகிப்போன காயம்.

பாம்பு இரையைச் சுற்றி நெரிக்கும்போதும் ஆபத்து உண்டு. பிடி சரியாக விழாவிட்டால் எலி திரும்பிக் கண்ணையோ வாயையோ கடித்துவிடும்.

அட்லான்டிக்கின் மறுகரையில் சிக்கல் வேறு மாதிரி இருந்தது. 1899இல் திறந்த நியூயார்க்கின் பிராங்ஸ் தோட்டத்தில் ஊர்வனவற்றைக் கவனித்தவர் ரேமண்ட் டிட்மார்ஸ். பிடிபட்டு வந்த பெரிய மலைப்பாம்புகள் மாதக்கணக்கில் எதையும் தொடாமல் கிடக்கும். ஆட்கள் வரிசையாக நின்று பாம்பின் உடலைப் பிடித்துக்கொள்ள, செத்த முயல்களைக் கோலால் தொண்டைக்குள் தள்ளினார்கள். அந்தக் காலப் புகைப்படங்களைப் பார்த்தால் யார் யாருக்கு விருந்து வைக்கிறார்கள் என்றே சந்தேகம் வரும். பாம்பு தின்ன மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் இருப்பிடம்தான் என்ற தெளிவு மெல்லத்தான் வந்தது. லண்டனில் 1923இல் ஊர்வனவற்றின் பொறுப்பேற்ற ஜோன் புராக்டர், 1927இல் திறந்த புதிய இல்லத்தைத் திட்டமிட்டபோது ஒவ்வொரு கூண்டுக்கும் தனித்தனியே மின்சாரச் சூடு கிடைக்க வழி செய்தார். சூடு போதாவிட்டால் விழுங்கியது செரிக்காது, கக்கிவிடும். கம்பளி போட்டுச் சமாளித்த காலம் அதோடு முடிந்தது.

செத்த எலி போதும் என்று 1907லேயே தெரிந்திருந்தும் வீட்டில் பாம்பு வளர்த்தவர்கள் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் உயிருள்ள எலியையே வாங்கினார்கள். செத்த எலி கடையில் கிடைக்காதது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதைக் கிடைக்கச் செய்தது பாம்போடு சம்பந்தமே இல்லாத இன்னொரு தொழில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிரான்பி ஊரில், அபி லாத்ராப் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை 1900 வாக்கில் அழகுக்காக வளர்க்கும் சுண்டெலிகளைப் பெருக்கி விற்கத் தொடங்கினார். ஆய்வுக்கூடங்கள் அவரிடம் எலி வாங்க வரிசையில் நின்றன. அந்த வழியில் வந்த எலிகள் மருத்துவ ஆராய்ச்சியின் அடித்தளமாயின. 1929இல் தொடங்கிய ஜாக்சன் ஆய்வகம் அதைப் பெருந்தொழிலாக்கியது. எலி வளர்ப்பும் வீட்டு ஃப்ரீசரும் பரவிய பிறகு, உறைந்த எலி பொட்டலமாகக் கடைக்கு வந்தது. முடி முளைக்காத குட்டி ‘பிங்கி’, லேசாக முடி அரும்பியது ‘ஃபஸி’, துள்ளும் பருவத்தது ‘ஹாப்பர்’ என்று வளர்ப்பவர்கள் பாம்பின் பருமனுக்கேற்ப வாங்குகிறார்கள்.

உறைந்ததை அப்படியே போட முடியாது. முந்தைய இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விட்டு, போடும் முன் பையோடு வெந்நீரில் சூடாக்க வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் பனியாக நிற்கும், வயிறும் வெடிக்கும். சூடு ஏன் முக்கியம் என்றால், பல மலைப்பாம்புகளின் உதட்டோரம் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. சூடான எலியை நீண்ட இடுக்கியால் பிடித்து லேசாக ஆட்டினால், பாம்பு அதை உயிருள்ளதாகவே எண்ணிப் பாயும். கை தூரத்தில் இருப்பதால் காப்ஸுக்கு நேர்ந்தது நேராது.

நம் ஊரில் பாம்புக்கு உணவு என்றால் புற்றில் ஊற்றும் பாலும் முட்டையும்தான் நினைவுக்கு வரும். பால் பாம்பின் உணவே அல்ல. நாக பஞ்சமியின்போது பாம்பாட்டியின் கூடையிலிருந்து தலைநீட்டும் பாம்பு பாலைக் குடிக்கிறது என்றால், பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தார்கள் என்று பொருள். அது தாகம். குடித்த பால் செரிக்காமல் பல பாம்புகள் சாகின்றன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அதே ஆண்டில் கிண்டிக்கு வந்த ராமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணைதான் சென்னைவாசிகளில் பலருக்குப் பாம்பு உண்மையில் என்ன தின்னும் என்று காட்டியது.

இப்போது சென்னையில் ரகசியமாகவும் பதிவு செய்தும் வளர்க்கப்படுவது பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவின் ‘பால் பைத்தான்’ (ball python). பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் சாதுவான சிறு மலைப்பாம்பு. விமான நிலையத்தில் சுங்கத்துறை பெட்டியைத் திறக்கும்போது அடிக்கடி அகப்படுவதும் இதுதான். 2024இன் புதிய விதிகள் இத்தகைய வெளிநாட்டு உயிர்களை முறையாகப் பதிவு செய்யச் சொல்கின்றன. இந்தப் பாம்பு மாதக்கணக்கில் சாப்பிட மறுப்பதில் பேர்போனது, எடை குறையாதவரை அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பொறுமை இழந்து வயல் எலியைப் பிடித்துப் போடுபவர்கள் உண்டு. அந்த எலி எலிமருந்து தின்றிருக்கலாம், ஒட்டுண்ணிகளையும் சுமந்து வரும்.

உயிருள்ள இரையைத் தவிர எதையும் தொடாத பாம்புகள் இன்றும் சில இருக்கின்றன. அனுபவசாலிகள் அவற்றுக்குக் கூடிய மட்டும் கண் திறக்காத குட்டியையே கொடுப்பார்கள். வளர்ந்த எலிதான் போட்டாக வேண்டுமென்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள், கால்மணி நேரத்துக்குள் பாம்பு அசையாவிட்டால் எலியை வெளியே எடுத்துவிடுவார்கள். அந்தக் கால்மணி நேரத்துக்கும் கூண்டின் ஓரத்தில் எலிக்கென்று கொஞ்சம் தானியம் தூவி வைப்பது அவர்கள் வழக்கம்.