கல்வெட்டில் இல்லாத அடுப்படி

உங்களிடம் ஒரு கேள்வி. சுமார் ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன்னால், தெற்குச் சீமையில் ஏதோ ஒரு வீட்டில் காலையில் அடுப்பு மூட்டினார்களே... அன்றைக்கு என்ன சமையல்? அந்த வீட்டில் ஓடியாடிக்கொண்டிருந்த மூன்று வயது வாண்டை என்ன சொல்லி ஏமாற்றிக் குளிப்பாட்டினார்கள்?

‘இதெல்லாம் சரித்திரக் கேள்வியா சார்?’ என்று சிரிக்காதீர்கள். எந்த மன்னன் எந்த ஊரில் யாரைத் தோற்கடித்தான் என்பதற்குக் கல்லிலும் செம்பிலும் சாட்சி இருக்கிறது. சாமி என்ன சாப்பிட்டார் என்பதற்குக்கூட இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் வெட்டி வைத்த அம்பாசமுத்திரம் கல்வெட்டைப் பாருங்கள். 290 காசு முதலாகப் போட்டு, வருடத்துக்கு 580 கலம் நெல் வட்டியாக வரும்படி ஏற்பாடு. அதிலிருந்து கோயில் நைவேத்தியத்துக்கு அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, தயிர், வாழைப்பழம், சர்க்கரை, கறிவகை, காயம் எவ்வளவு என்று ஒரு மளிகைக் கடைக்காரரின் கறாரோடு கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால், அதே காலத்தில் அதே பாண்டிய நாட்டில் ஒரு சாதாரண வீட்டு அடுப்படியில் என்ன கொதித்தது? கல்வெட்டு வாயே திறக்காது. தினமும் நடக்கிற காரியத்தை யார் கல்லில் வெட்டுவார்கள்? அதைச் செய்தது யார், பெண்கள்தானே!

ஆனாலும் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. கல்வெட்டு விட்டதை ஓர் ஆள் பிடித்து வைத்திருக்கிறார். அவர் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பெயர் விஷ்ணுசித்தர். பெரியாழ்வார் என்றால் சட்டென்று புரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் உங்களுக்கு மூன்று விஷயம் ஞாபகம் வரும். 11 நிலை கோபுரம், ஆண்டாள், பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா போன நூற்றாண்டுச் சரக்கு. அதை விட்டுவிடுவோம். கோபுரத்துக்கும் ஆண்டாளுக்கும் நடுவில் நந்தவனத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போவோம்.

பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தவர், அதாவது 9-ஆம் நூற்றாண்டுக்காரர் என்று ஆய்வாளர்கள் பலர் கணக்குப் போடுகிறார்கள். பெருமாளுக்குப் பூமாலை கட்டுவதுதான் அவருக்கு வேலை. பாடியவை மொத்தம் 473 பாசுரங்கள். அதில் 12 திருப்பல்லாண்டு. மீதி 461-ம் திருமொழி. இந்தத் திருமொழியின் முன்பாதியில்தான் நம்ம விஷயம் இருக்கிறது. கண்ணனைக் குழந்தையாகவும் தன்னை யசோதையாகவும் வைத்துக்கொண்டு, பிறந்த நாளிலிருந்து மாடு மேய்க்கப் போகிற வயசு வரைக்கும் ஒரு பிள்ளை வளர்ந்த கதையை அந்த மனிதர் சொல்லியிருக்கிறார்.

பக்திக்காகப் படிப்பவர்கள் அப்படியே படிக்கட்டும். இன்றைக்கு ஒரு நாள், வீட்டு விசேஷம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி நாம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

முதலில் குளியல். பச்சைக் குழந்தையின் கையையும் காலையும் நீவி நிமிர்த்தி, கொப்பரையில் காய்ச்சிய தண்ணீரை மெதுவாக ஊற்றி, பிஞ்சு மஞ்சளால் நாக்கு வழிக்கிறார்கள். (இப்போது டாக்டர்கள் கூடாது என்பார்கள். நம்ம ஊர் பாட்டிகளோ நேற்று வரை செய்தார்கள்!) வாயைத் திறந்தால் உள்ளே ஏழு உலகமும் தெரிந்தது என்பது ஆழ்வாரின் பக்தி. மஞ்சளும் கொப்பரையும் வில்லிபுத்தூர் வழக்கம்.

கொஞ்சம் வளர்ந்ததும் பிள்ளை குளிக்க மறுக்கிறான். உடம்பெல்லாம் வெண்ணெய்ப் பிசுக்கு, அதன் மேல் தெருப்புழுதி. இப்படியே ராத்திரி படுக்கவிட மாட்டேன் என்கிறாள் அம்மா. எண்ணெயும், எண்ணெய் போகத் தேய்க்கப் புளியும் எடுத்துவைத்துக்கொண்டு எத்தனை நேரமாகக் காத்திருக்கிறேன் பார் என்று கெஞ்சுகிறாள். நெல்லி போட்டுக் காய்ச்சிய வெந்நீர் அண்டாவில் தயார். மஞ்சள், சாந்து, மை எல்லாம் வரிசையாக இருக்கிறது. அதற்கும் மசியவில்லை. கடைசியில் பால், வெல்லம் சேர்த்து அப்பம் சுட்டு வைத்திருக்கிறேன், குளித்தால்தான் தருவேன் என்கிறாள்! இன்றைக்கு சாக்லெட்டைக் காட்டி பாத்ரூமுக்குள் தள்ளுகிறீர்களே, அதே வேலைதான்.

காது குத்தும்போது லஞ்சம் வேறு. நாவற்பழம்! பழத்தைக் காட்டிக் கூப்பிடுகிறாள். பிள்ளையோ போட்ட காதணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடுகிறான்.

அடுத்து, தின்பண்டம். ஒரு பக்கத்து வீட்டு அம்மா யசோதையிடம் பஞ்சாயத்துக்கு வருகிறாள். கரும்பு வெல்லத்து லட்டு, சீடை, கறுப்பு எள்ளுருண்டை எல்லாம் செய்து, நம்ம வீடுதானே என்று வைத்துவிட்டுப் போனேன், உன் பிள்ளை புகுந்து காலி பண்ணிவிட்டான் என்று புகார். கோகுலாஷ்டமிக்கு உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்? சீடை, எள்ளுருண்டை, அப்பம். ஆக, அந்தத் தட்டில் இருப்பதில் பாதி, ஆயிரம் வருடமாக மாறாத மெனு!

இன்னொருத்தி கிட்டத்தட்ட செய்முறையே சொல்லிவிடுகிறாள். செந்நெல் அரிசி, சிறுபருப்பு, வெல்லம், நெய், பால். பன்னிரண்டு திருவோண நாளுக்கு இதைச் சமைத்தாளாம். இந்தப் பிள்ளையின் குணம் எனக்கு முன்னமே தெரியும் என்று குறைப்பட்டுக்கொள்கிறாள். அவள் சொன்ன சாமான்களை ஒரே பானையில் போட்டுப் பாருங்கள், அக்காரவடிசில் வந்துவிடும். அப்பா எழுதிய இந்தப் பண்டத்தைத்தான் பின்னால் மகள் ஆண்டாள் அழகர்மலைப் பெருமாளுக்கு நூறு தடா தருவதாக நேர்ந்துகொண்டாள். தடா என்றால் பெரிய பாத்திரம். வீட்டுப் பானை ஒரே தலைமுறையில் எப்படிப் பெருத்துவிட்டது பாருங்கள்.

சரி, இதெல்லாம் ஆயர்பாடிக் கதைதானே, வில்லிபுத்தூர் எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு தடயம் சொல்கிறேன். கண்ணன் பிறந்த நட்சத்திரம் ரோகிணி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெரியாழ்வாரின் யசோதையோ, நீ பிறந்த திருவோணம் இன்று, குளிக்க வா என்கிறாள். திருவோணம் தமிழ்நாட்டுக்காரர்கள் மாயோனுக்குக் கொண்டாடிய நாள். மதுரையில் ஓண விழா நடந்ததை மதுரைக்காஞ்சி சொல்கிறது. இரண்டாவது, அந்தப் புளி, நாவல், செந்நெல், எள். எல்லாமே நம்ம மண் சமாசாரம். ஆழ்வார் யமுனைக் கரைக்குப் போய்க் குறிப்பெடுக்கவில்லை. தன் தெருவில், கண்ணெதிரே நடந்த பிள்ளை வளர்ப்பைத்தான் பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

அந்தச் சமையலறையில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். மிளகாய் கிடையாது. தக்காளி கிடையாது. உருளைக்கிழங்கு, நிலக்கடலை எதுவும் கிடையாது. எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டு தொடங்கி ஐரோப்பியக் கப்பலில் வந்து இறங்கியவை. இன்றைக்கு வத்தல் வியாபாரத்துக்குப் பேர் போன விருதுநகர் மாவட்டத்தில், அன்றைக்குக் காரம் என்றால் மிளகுதான்!

இனிமேல்தான் முக்கியமான விஷயம். அந்தக் காலத்துக் கவிஞர்கள் அம்மாவைப் பற்றிப் பாடினால், தாய்மை, தியாகம் என்று உயரத்தில் தூக்கி வைத்துவிடுவார்கள். பெரியாழ்வார் அதோடு நிறுத்தவில்லை. அவருடைய யசோதை பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் புலம்புகிறாள். தொட்டிலில் போட்டால் அது கிழிகிற மாதிரி உதைக்கிறான். தூக்கினால் இடுப்பு போய்விடுகிறது. கட்டிக்கொண்டால் வயிற்றில் பாய்கிறான். எனக்குத் தெம்பில்லை, இளைத்துவிட்டேன்!

தெய்வக் குழந்தையாகவே இருக்கட்டும். வளர்க்கிறவளுக்கு இடுப்பு வலிக்கும் என்று ஓர் ஆண் எழுதியிருக்கிறார். ஏன் அவரால் முடிந்தது? வைணவ மரபு சொல்லும் பதில் உங்களுக்குத் தெரியும். துளசிச் செடியடியில் கிடந்த பெண் குழந்தையை எடுத்து வளர்த்த அப்பா அவர். பின்னாளில் ஒரு பதிகத்தில், ஒரே ஒரு மகளை வைத்திருந்தேன், மால் கொண்டுபோய்விட்டான் என்று ஒரு தாயின் குரலில் அழுகிறார். பிள்ளை வளர்த்த கை எழுதிய எழுத்து அது.

அவர் போட்ட விதையில்தான் பிள்ளைத்தமிழ் என்று ஒரு தனி இலக்கிய வகையே முளைத்தது. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைத் தொட்டிலில் போட்டார். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியைத் தாலாட்டினார். நபிகள் நாயகத்துக்கும் பிள்ளைத்தமிழ் உண்டு. ஆனால் ஒன்று. காப்பு, செங்கீரை, தால் என்று பத்துப் பருவமாக இலக்கணம் இறுக இறுக, எண்ணெய்ப் பிசுக்கும் இடுப்பு வலியும் மெல்ல மெல்லப் பின்னால் போய்விட்டன. தொட்டில் இருந்தது, ஆட்டிய கை மறைந்துவிட்டது.

அந்தக் கை மறுபடி எப்போது கண்ணில் பட்டது? அதற்கு ஒரு பஸ் ஏறி, தென்காசி ரோட்டில் தெற்கே பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். ராஜபாளையம்.

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அங்கே ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பஞ்சும் நூலும் அந்த ஊரின் வாழ்க்கையாயின. சுற்று வட்டாரத்தில் பேண்டேஜ் துணித் தறிகள் பெருகின. சங்கு ஊதினால் வேலை, ஊதினால் வீடு. பெண்ணும் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? பாட்டி இருந்தால் பாட்டி. இல்லாவிட்டால்?

இந்தக் கேள்விக்கு 1948-ல் சட்டமே பதில் சொல்லவேண்டி வந்தது. அந்த ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில், அவர்களுடைய 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காற்றோட்டமான, சுத்தமான ஓர் அறை வேண்டும், பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற பெண்கள் வேண்டும் என்றது. பிள்ளைக்குப் பால், அம்மாவுக்கு நடுவில் போய்ப் பாலூட்ட நேரம், இவற்றுக்கும் விதி செய்ய இடம் வைத்தது. 1976-ல் அந்த 50 என்ற எண் 30 ஆகக் குறைந்தது. அதாவது, ஆழ்வார் பாட்டில் இருந்த தொட்டில், சட்டப் புத்தகத்துக்குள் வந்தது! காகிதத்தில் இருந்த தொட்டில் எல்லா ஆலையிலும் ஆடியதா என்பது வேறு விஷயம்.

பிள்ளையின் சாப்பாடும் வீட்டைவிட்டு வெளியே வந்தது. 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியின் எம்.பி. யார் தெரியுமா? காமராஜர்! இரண்டே வருடத்தில் முதலமைச்சராகி, 1956-ல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவைக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். 2022-ல் காலைச் சிற்றுண்டி மதுரையில் தொடங்கியது. ‘சாப்பிட வா’ என்று பிள்ளையைக் கூப்பிடும் அம்மாவின் குரலோடு அரசாங்கத்தின் குரலும் சேர்ந்துகொண்டது.

அப்படியென்றால் வீட்டு அடுப்படியில் பாரம் குறைந்துவிட்டதா? 2019-ல் மத்திய அரசு, இந்தியர்கள் 24 மணி நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டவர்கள் பெண்களில் 81.2 சதவிகிதம், ஆண்களில் 26.1 சதவிகிதம். அப்படி ஈடுபட்டவர்களிலும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு சராசரி 299 நிமிடம், ஆணுக்கு 97. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது இதில் சேர்த்தி இல்லை, அதற்குத் தனிக் கணக்கு!

2023 செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை. உரிமைத் தொகை என்று வைத்தது. தொகை போதுமா போதாதா என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் அடுப்படியில் நடப்பதும் வேலைதான் என்று ஓர் அரசாங்க ஏட்டில் ஏறியது, அம்பாசமுத்திரம் கல்வெட்டு செய்யாத காரியம்.

கடைசியாக ஒன்று. பெரியாழ்வாரின் பிள்ளை வளர்ந்து, கன்று மேய்க்கக் காட்டுக்குப் போய், சாயங்காலம் உடம்பெல்லாம் புழுதியோடு வருகிறான். அம்மா சொல்கிறாள்: குளிக்கத் தண்ணீர் தயாராக இருக்கிறது, குளித்துவிட்டுச் சாப்பிடு, உன்னோடு சேர்ந்து சாப்பிடலாம் என்று அப்பாவும் இன்னும் சாப்பிடவில்லை.

அந்தப் பாட்டை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். பிள்ளை சாப்பிடவில்லை. அப்பா சாப்பிடவில்லை. தண்ணீர் காய்ச்சி, சமைத்து, வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றவள்? அவள் சாப்பிட்டாளா என்று அவளும் சொல்லவில்லை, பிள்ளையும் கேட்கவில்லை.

நம்ம வீட்டிலாவது இன்று ராத்திரி யாராவது கேட்கலாம்.